புற்றுநோய் செல் வளர்க்கத் தொடங்குகிறீர்களா? முதல் சில மாதங்களுக்கான வழிகாட்டி

செல் வளர்ப்பு அறைக்குள் முதன்முதலாகப் போகிறவருக்கு, மூத்தவர் யாராவது ஒருவர் செல்களைத் தட்டிலிருந்து கழற்றும் ட்ரிப்சின் நொதியை எப்படிப் போடுவது, செல்களுக்கு உணவான மீடியம் திரவத்தை எப்போது மாற்றுவது, சுத்தக் காற்று ஓடும் ஹூட் என்ற வேலைப் பெட்டியை எப்படித் துடைப்பது என்று ஒரே மத்தியானத்தில் காட்டிவிட்டுப் போய்விடுவார். கை வேலையை அப்படிக் கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஃபிளாஸ்குக்குள் என்ன நடக்கிறது, அதே செல்கள் மூன்று மாதம் கழித்து ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன என்பதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. நான் தொடங்கிய காலத்தில் ஒரு மார்பகப் புற்றுநோய் செல் லைனில் (ஒரே மூலத்திலிருந்து வந்து, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல் வம்சம்), செல்களில் பாதியைக் கொல்ல ஒரு மருந்து எவ்வளவு தேவை என்று கணக்கிட்டு வைத்திருந்தேன். ஐந்து மாதம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த அளவு மருந்து செல்களை ஒன்றுமே செய்யவில்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்று இரண்டு வாரம் அலைந்தேன். மருந்து நன்றாகத்தான் இருந்தது. செல்கள் மாறியிருந்தன, எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

அதனால் இங்கே கை வேலையையும் அதற்குப் பின்னால் உள்ள காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்கில் இருப்பது லட்சக்கணக்கான செல்களின் கூட்டம். அவை ஒன்றுபோல் தெரியும், ஆனால் ஒன்றல்ல. நீங்கள் அன்றாடம் செய்யும் ஒவ்வொரு காரியமும் அந்தக் கூட்டத்தில் எது பெருகலாம், எது குறையலாம் என்று தீர்மானிக்கிறது.

இவை ஏன் நிற்காமல் பெருகுகின்றன

மனித உடலிலிருந்து இணைப்புத் திசுவின் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை எடுத்து வளர்த்தால் ஏறத்தாழ 40 முதல் 60 முறை இரட்டித்துவிட்டு நின்றுவிடும். 1961இல் லியோனார்ட் ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் இதைக் காட்டினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் கொஞ்சம் தேய்கிறது, ஒரு கட்டத்துக்கு மேல் தேய்ந்ததும் செல் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. பெரும்பாலான புற்றுநோய் செல்கள் டெலோமரேஸ் என்ற நொதியைத் திரும்ப இயக்கி அந்த நுனியைப் புதுப்பித்துக்கொள்கின்றன. கூடவே, பிரிவுக்குத் தடை போடும் பி53 போன்ற புரதங்களும் பலவற்றில் செயலிழந்திருக்கும்.

மனித செல் லைன்களில் முதலில் நிலைத்தது ஹீலா. 1951இல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஜார்ஜ் கை (Gey) என்ற ஆய்வாளரின் ஆய்வகம் வளர்த்தது. அவர் அதே ஆண்டு அக்டோபரில் இறந்துவிட்டார். தன் செல்கள் ஆய்வுக்குப் போனது அவருக்குத் தெரியாது, யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் எந்தக் குப்பியும் ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து வந்ததுதான். அதை அலட்சியமாகக் கையாளாமல் இருக்க இந்த ஒரு காரணம் போதும்.

இன்னொன்று: கட்டியை வெட்டித் தட்டில் போட்டால் பெரும்பாலும் வளராது. வளர்ந்து லைனாக நிலைப்பவை கொஞ்சம்தான். அதாவது பிளாஸ்டிக் மேல் ஒட்டி, மீடியத்தில் சேர்க்கும் சீரம் (ரத்தத்தின் தெளிந்த திரவம்) குடித்து, ரத்தக் குழாயோ பக்கத்துத் திசுவோ இல்லாமல் வாழத் தெரிந்தவைதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. முதல் தேர்வு நீங்கள் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

செல்களை எங்கே வாங்குவது

பக்கத்து ஆய்வகத்தில் ஒரு ஃபிளாஸ்க் கேட்டு வாங்குவது சுலபம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட செல் வங்கியிலிருந்து, அடையாளச் சான்றோடு வாங்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், தனித்தனி லைன்கள் என்று எல்லோரும் நம்பிய பலவற்றில் ஹீலாவில் இருக்கும் அதே நொதி வகை இருப்பதைக் காட்டினார். அவற்றுக்குள் ஹீலா புகுந்து முழுவதையும் பிடித்திருந்தது. எம்டிஏ-எம்பி-435 என்ற லைனைப் பல ஆண்டுகள் மார்பகப் புற்றுநோய் என்று நினைத்து ஆராய்ந்தார்கள். அது எம்14 என்ற மெலனோமா, தோலின் நிறமி செல்களில் வரும் புற்றுநோய். தவறாக அடையாளம் காணப்பட்ட லைன்களுக்கென்றே ஒரு சர்வதேசப் பட்டியல் இருக்கிறது, அதில் 500க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. உங்கள் லைனின் பெயரை அதில் தேடிப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அடையாளத்தை உறுதி செய்ய எஸ்டிஆர் சோதனை இருக்கிறது. டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குட்டித் துண்டுகள் குறிப்பிட்ட சில இடங்களில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, வங்கியின் பதிவோடு ஒப்பிடுவார்கள். 80 சதவீதமோ அதற்கு மேலோ ஒத்துப்போனால் அதே ஆளின் செல் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். செல் வந்தவுடன் ஒரு முறை, உறைய வைத்த பிறகு ஒரு முறை, கட்டுரை அனுப்புவதற்கு முன் ஒரு முறை செய்துவிடுங்கள்.

வந்த செல்களை நேராகப் பொது இன்குபேட்டரில் வைக்காதீர்கள். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இல்லை என்று தெரியும்வரை தனியாக இருக்கட்டும்.

ஹூட்டில் கை பழகுவது

மனித செல்கள் என்பதால் இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். கையுறை, கோட், இரண்டாம் வகுப்புப் பாதுகாப்பு ஹூட். வாயால் பைப்பெட் உறிஞ்சவே கூடாது. உங்கள் சொந்த ரத்தத்தையோ திசுவையோ வளர்க்கவும் கூடாது, உங்கள் நோய் எதிர்ப்பு அமைப்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாத செல்கள் அவை.

70% ஆல்கஹாலால் துடையுங்கள். ஹூட்டின் முன்பக்கக் காற்றுத் துளைகளை நோட்டாலோ முழங்கையாலோ மறைக்காதீர்கள். திறந்த பாட்டிலுக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாதீர்கள், பேசாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு லைன். ஒவ்வொரு லைனுக்கும் தனி மீடியம் பாட்டில், வேகமாக வளரும் லைனை எப்போதும் கடைசியில் கையாள வேண்டும். ஹீலா மாதிரி வேகமான ஒன்றின் ஒரே ஒரு செல் மெதுவாக வளரும் லைனில் விழுந்தால் என்னவாகும் என்பதைப் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உறைந்த செல்லை எழுப்புவது

திரவ நைட்ரஜனிலிருந்து குப்பியை எடுக்கும்போது முகக் கவசம் அவசியம். மூடி வழியாக உள்ளே நைட்ரஜன் கசிந்திருந்தால், சூட்டில் சட்டென்று விரிந்து குப்பி வெடிக்கும். 37 டிகிரி தண்ணீரில், மூடி நனையாமல் பிடித்து ஓரிரு நிமிடம் ஆட்டுங்கள். ஒரு சிறு பனித் துணுக்கு மிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். உறைய வைக்கும்போது சேர்த்த டிஎம்எஸ்ஓ, குளிரில் செல்லைக் காப்பாற்றும், சூட்டில் செல்லுக்குக் கெடுதல் செய்யும். அதனால் இங்கே வேகம் முக்கியம். வெதுவெதுப்பான மீடியத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சுமார் 200 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தை நீக்கிவிட்டுப் புது மீடியத்தில் சிறிய ஃபிளாஸ்கில் போடுங்கள். பெரிய ஃபிளாஸ்க் வேண்டாம், எழுந்து வரும் செல்களுக்கு அக்கம்பக்கத்தில் துணை வேண்டும்.

மறுநாள் மிதப்பவற்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இறந்தவை மிதக்கும், பிழைத்தவை ஒட்டியிருக்கும். இன்னொரு வாரம் சோதனை எதுவும் தொடங்காமல், குறைந்தது இரண்டு முறை பிரித்து வளர்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

தினமும் பார்ப்பது

கருவிகளைவிட உங்கள் கண்தான் முதலில் சொல்லும். தினமும் ஒரே நேரத்தில், முதலில் வெறும் கண்ணால், அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.

வெறும் கண்ணுக்கு நிறம் தெரியும். மீடியத்தில் இருக்கும் ஃபீனால் ரெட் சரியான அமிலநிலையில், அதாவது பிஎச் 7.4 அளவில், சிவப்பாக இருக்கும். அமிலம் கூடினால் ஆரஞ்சாகி மஞ்சளாகும், காரம் கூடினால் ஊதா சாயல் வரும். புற்றுநோய் செல்கள் ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்போதும் குளுக்கோஸைப் பாதி வழியிலேயே உடைத்து லாக்டிக் அமிலமாகக் கொட்டும் பழக்கம் உள்ளவை; 1920களில் ஓட்டோ வார்பர்க் கவனித்த விஷயம் இது. அதனால் செல்கள் நெருங்க நெருங்க மீடியம் மஞ்சளாவது இயல்பு. ஆனால் நேற்று பாதிதான் நிறைந்திருந்த ஃபிளாஸ்க் இன்று காலையில் மஞ்சளாகி, கலங்கியும் இருந்தால் அது பாக்டீரியா. ஊதாவாக இருந்தால் இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். மீடியத்தில் இருக்கும் பைகார்பனேட் அந்த வாயுவோடு சேர்ந்துதான் அமிலநிலையைச் சமன் செய்கிறது. சிலிண்டர் தீர்ந்துபோனதை என் ஃபிளாஸ்க்கின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்த நாள் உண்டு, இன்குபேட்டரின் திரை அப்போதும் 5 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

மைக்ரோஸ்கோப்பில் வடிவத்தைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோயின் எம்சிஎஃப்-7 செல்கள் கல் பாவிய தரை மாதிரி ஒட்டி ஒட்டிக் கூட்டமாக வளரும், அதே புற்றுநோயின் எம்டிஏ-எம்பி-231 நீளநீளமாகத் தனித்தனியே அலையும், ரத்தப் புற்றுநோயின் கே562 ஒட்டாமல் மிதந்தே வளரும். பளபளவென்று உருண்டு நிற்கும் செல் இறந்தது என்று புதியவர்கள் நினைத்துவிடுவார்கள். பிரியப்போகும் செல்லும் அப்படித்தான் உருளும், கொஞ்ச நேரம் பார்த்தால் நடுவில் இடுங்கி இரண்டாவது தெரியும். எனக்கு இன்றைக்கும் சலிக்காத காட்சி அது. சாதாரண செல்கள் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் பிரிவதைக் குறைத்துக்கொள்ளும். புற்றுநோய் செல்களில் பல அதைக் கண்டுகொள்ளாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும்.

முதல் வாரத்தில் ஒரே உருப்பெருக்கத்தில் அடர்த்தி குறைவாக ஒரு படம், நடுத்தரமாக ஒரு படம், நிறைந்தபோது ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து "இது இப்படித்தான் இருந்ததா?" என்று சந்தேகம் வரும்போது நினைவை நம்ப முடியாது.

பிரித்து வைப்பது

ஃபிளாஸ்கின் அடிப்பரப்பு 70 முதல் 80 சதவீதம் நிறைந்ததும் செல்களைக் கழற்றி, ஒரு பங்கைப் புது ஃபிளாஸ்குக்கு மாற்றுங்கள்; இதைத்தான் பிரிப்பது என்கிறோம், ஒவ்வொரு முறையும் ஒரு பாசேஜ். முழுக்க நிறையவிட்டு வாரக் கடைசிக்குத் தள்ளிப்போடுவதுதான் செல்களை மாற்றும் கெட்ட பழக்கங்களில் முதலாவது, ஏனென்றால் நெரிசலையும் அமிலத்தையும் பட்டினியையும் தாங்கியவைதான் திங்கட்கிழமை உங்களுக்குக் கிடைக்கும்.

மீடியத்தை எடுத்துவிட்டு, கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் அலசுங்கள். அலசாவிட்டால் மிச்ச சீரத்தில் இருக்கும் தடுப்புப் புரதங்கள் ட்ரிப்சினை வேலை செய்யவிடாது. அப்புறம் ட்ரிப்சின்-இடிடிஏ, 25 சதுர செ.மீ. ஃபிளாஸ்குக்கு ஒரு மில்லிலிட்டர் போதும். ட்ரிப்சின் செல்லைத் தட்டோடு பிணைக்கும் புரதங்களை வெட்டுகிறது, இடிடிஏ அந்தப் பிணைப்புக்குத் தேவையான கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. 37 டிகிரியில் 2 முதல் 5 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள், பெரும்பாலானவை உருண்டு நகர ஆரம்பித்ததும் பக்கவாட்டில் லேசாகத் தட்டி, சீரம் உள்ள மீடியம் சேர்த்து நிறுத்திவிடுங்கள்.

இந்த இடத்தில் கவனம் வேண்டும். அவசரத்தில் பாதி செல்கள் கிளம்பியதும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டால், சுலபமாகக் கழன்றவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு அனுப்புகிறீர்கள். இதையே இருபது முறை செய்தால் உங்கள் லைன் ஒட்டும் தன்மை குறைந்த வேறொன்றாக மாற வாய்ப்பிருக்கிறது. செல்கள் எப்படி நகர்கின்றன, எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்கிறவருக்கு இது பெரிய விபத்து. எனவே எல்லாம் கழன்ற பிறகு நன்றாகக் கலக்கி, அதிலிருந்து ஒரு பங்கை எடுங்கள்.

எண்ணுவது, வளர்ச்சிக் கோடு

"கண் மதிப்பில் நாலில் ஒரு பங்கு" என்று ஊற்றாதீர்கள், எண்ணுங்கள். செல் கலவையோடு அதே அளவு ட்ரிப்பன் நீலம் சேர்த்தால் இறந்தவை நீலமாகும், உயிருள்ளவை சாயத்தை உள்ளே விடாது. எண்ணும் கண்ணாடித் தட்டில் ஒவ்வொரு பெரிய சதுரமும் ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நான்கு மூலைச் சதுரங்களில் சராசரி 45 என்றால், சாயத்தால் பாதியானதற்கு 2 ஆல் பெருக்கி, 10,000 ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டருக்கு 9 லட்சம் செல்கள்.

செல் வந்த முதல் மாதத்தில் ஒரு வளர்ச்சிக் கோடு போட்டுவிடுங்கள். 24 குழித் தட்டில் ஒரே எண்ணிக்கையில் விதைத்து, தினமும் மூன்று குழிகளைக் கழற்றி எண்ணி, ஒரு வாரம் தொடருங்கள். முதலில் ஒரு மந்த கட்டம், அப்போது செல்கள் ஒட்டிக்கொண்டு சுதாரிக்கும். அப்புறம் வேகமாக இரட்டிக்கும் கட்டம். கடைசியில் இடமும் உணவும் தீர்ந்து கோடு படுத்துவிடும். நடுக் கட்டத்தில் ஒரு லட்சம் செல் 72 மணி நேரத்தில் 8 லட்சம் ஆனால் மூன்று முறை இரட்டித்திருக்கிறது, ஆக இரட்டிப்பு நேரம் 24 மணி. மருந்து சோதனைகளையும் அந்த நடுக் கட்டத்தில்தான் செய்ய வேண்டும், பிரிவைத் தாக்கும் மருந்துக்குப் பிரியும் செல் வேண்டும். பத்துப் பாசேஜுக்கு ஒரு முறை இந்தக் கோட்டைத் திரும்பப் போடுங்கள். இரட்டிப்பு நேரம் நகர்ந்திருந்தால் கூட்டம் மாறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம்.

பாசேஜ் எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. 1:2 என்று பிரித்தால் திரும்ப நிறைய ஒரு இரட்டிப்பு போதும், 1:8 என்று பிரித்தால் மூன்று வேண்டும். "இருபதாம் பாசேஜ்" என்பது ஒருவருக்கு 20 இரட்டிப்பு, இன்னொருவருக்கு 60. எந்த விகிதத்தில் பிரித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அவை எப்படி மாறுகின்றன

சரி, இப்போது முன்பு சொன்ன கணக்கு. ஃபிளாஸ்கில் பெரும்பாலான செல்கள் 24 மணிக்கு ஒரு முறை இரட்டிக்கின்றன. ஆயிரத்தில் ஒன்று மட்டும் 20 மணிக்கு ஒரு முறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாளில், அதாவது 120 மணியில், மற்றவை 5 முறை இரட்டிக்கும்போது இது 6 முறை இரட்டிக்கும். ஐந்து நாளுக்கு ஒரு முறை அதன் விகிதம் மற்றவற்றோடு ஒப்பிட இரு மடங்காகிறது. பத்துத் தடவை அப்படி நடந்தால், அதாவது 50 நாளில், ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது பாதிக்குப் பாதி ஆகிவிடும். இன்னொரு 50 நாளில் பழையவை ஆயிரத்தில் ஒன்று. நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, தவறாமல் பிரித்து வளர்த்தீர்கள், அவ்வளவுதான். நான்கு மணி நேர வித்தியாசத்துக்கே இப்படி. ஹீலா செல் ஒன்று மெதுவாக வளரும் லைனுக்குள் விழுந்தாலும் நடப்பது இதே கணக்குதான்.

அந்த ஆயிரத்தில் ஒன்று எங்கிருந்து வருகிறது? பல புற்றுநோய் செல்கள் குரோமோசோம்களைச் சரியாகப் பங்கு போடுவதில்லை. சாதாரண மனித செல்லில் 46 குரோமோசோம். ஹீலாவில் ஏறத்தாழ 76 முதல் 80 வரை, அதுவும் செல்லுக்குச் செல் வேறுபடும். ஒவ்வொரு பிரிவும் புதுப்புதுச் சேர்க்கைகளை உண்டாக்குகிறது, உங்கள் ஃபிளாஸ்க் அவற்றில் தனக்கு ஏற்றதை வளர்த்துவிடுகிறது.

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எம்சிஎஃப்-7 என்ற ஒரே பெயரில் வளர்க்கப்பட்ட 27 கிளைகளை எடுத்து 321 மருந்துச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில கிளைகளை வலுவாகத் தடுத்த சேர்மங்களில் குறைந்தது 75 சதவீதம், வேறு சில கிளைகளில் எந்த விளைவையும் ஏற்படுத்தவில்லை. இதைப் படித்தபோது என் பழைய இரண்டு வாரத் தேடல் நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறு ஆண்டே ஹீலாவைப் பற்றியும் அப்படி ஓர் ஆய்வு வந்தது, வெவ்வேறு ஆய்வகங்களின் ஹீலாக்கள் மரபணு அளவிலேயே விலகியிருந்தன.

மாற்றத்தில் இரண்டு வகை உண்டு, பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஒன்று, அதே செல்கள் புதுச் சூழலுக்குத் தங்கள் மரபணு இயக்கத்தைச் சரிசெய்துகொள்வது. இன்னொன்று, வேறு செல்கள் பெருகிக் கூட்டத்தின் கலவையே மாறுவது. சந்தேகம் வந்தால் பழைய மீடியம், பழைய சீரம், பழைய அடர்த்திக்குத் திருப்பி, இரண்டு மூன்று வாரம் வளர்த்துப் பாருங்கள். பழைய நடத்தை திரும்பினால் பெரும்பாலும் முதல் வகை. திரும்பாவிட்டால் தேர்வு நடந்திருக்க வாய்ப்பு அதிகம், புதுக் குப்பி எடுப்பதைத் தவிர வழியில்லை.

சூழல் என்று சொல்லும்போது எவையெவை? மீடியம் முதலில் வரும். அதிக குளுக்கோஸ் உள்ள டிஎம்இஎம் மீடியத்தில் குளுக்கோஸ் 25 மில்லிமோலார், நம் ரத்தத்தில் இருப்பது சுமார் 5. இன்குபேட்டரில் ஆக்ஸிஜன் 18 சதவீதத்துக்கு மேல், உடலின் பெரும்பாலான திசுக்களில் அதைவிட மிகக் குறைவு. சீரம் ஒவ்வொரு தொகுதிக்கும் மாறுபடும். புதுத் தொகுதி வாங்குவதற்கு முன் மாதிரி வாங்கி ஒப்பிட்டு வளர்த்துப் பாருங்கள். ஃபீனால் ரெட்டைக்கூட விட்டுவிட முடியாது. ஈஸ்ட்ரோஜனுக்கு வினையாற்றும் எம்சிஎஃப்-7 செல்களை அது லேசாகத் தூண்டுகிறது என்று 1986இலேயே காட்டிவிட்டார்கள். ஹார்மோன் சோதனை செய்கிறவர்கள் அந்த நிறம் இல்லாத மீடியத்தையும், கரி கொண்டு ஹார்மோன் நீக்கிய சீரத்தையும் பயன்படுத்துவது அதனால்தான். சில லைன்களில் காலமே மாற்றிவிடும். புராஸ்டேட் புற்றுநோயின் எல்என்கேப் லைனில் 33ஆம் பாசேஜுக்குக் கீழே இருப்பவை ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைச் சார்ந்து வளர்பவை, 80ஐத் தாண்டியவை அது இல்லாமலும் வளரும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிட்டால் படிப்பவர் எதை நம்புவார்?

உறைய வைப்பது

இதைக் கட்டுரையில் பின்னால் வைத்திருக்கிறேன், செய்ய வேண்டியது முதல் வாரங்களிலேயே. செல்கள் வந்து, சுத்தம் என்று உறுதியாகி, நன்றாகப் பெருகத் தொடங்கியதும் முதல் வேலை பத்து இருபது குப்பிகள் உறைய வைப்பது. அவற்றில் ஒன்றை எடுத்துப் பெருக்கி இன்னொரு இருபது, அன்றாடப் பயன்பாட்டுக்கு. முதல் தொகுப்பை அவசியம் இல்லாமல் தொடவே கூடாது. உறைந்த செல் பிரிவதில்லை, பிரியாத செல் மாறுவதில்லை. மாற்றத்தை நிறுத்தி வைக்க நம்மிடம் இருக்கும் ஒரே வழி இது.

வேகமாகப் பெருகும் கட்டத்தில் இருக்கும் செல்களை எடுத்து, குப்பிக்குப் பத்து முதல் இருபது லட்சம் வீதம், 10% டிஎம்எஸ்ஓ கலந்த சீரம் நிறைந்த கரைசலில் போடுங்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிர வேண்டும். அப்போதுதான் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேற நேரம் கிடைக்கும். இல்லாவிட்டால் உள்ளேயே பனிப் படிகம் உருவாகிச் சவ்வைக் கிழிக்கும். ஐசோபுரோப்பனால் நிரப்பிய உறைகலனில் வைத்து மைனஸ் 80இல் ஓர் இரவு, மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு. மைனஸ் 80இல் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். ஒரு வாரம் கழித்து ஒரு குப்பியை உருக்கிப் பார்த்துவிடுங்கள். பிழைக்கிறதா, சுத்தமா, எஸ்டிஆர் ஒத்துப்போகிறதா.

மைக்கோபிளாஸ்மா

பூஞ்சையும் மற்ற பாக்டீரியாக்களும் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். மைக்கோபிளாஸ்மா காட்டிக்கொடுக்காது. மீடியம் கலங்காது, நிறம் மாறாது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியிலும் நுழைந்துவிடும். செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் ஒன்றும் செய்யாது. ஆனால் செல்லின் அர்ஜினினைத் தின்னும், வளர்ச்சியைக் குறைக்கும், மரபணு இயக்கத்தையே மாற்றும். நீங்கள் புற்றுநோயைப் பற்றிக் கண்டுபிடித்ததாக நினைப்பது மைக்கோபிளாஸ்மாவின் வேலையாக இருக்கலாம். பெரும்பாலும் வருவது நம் வாய், தொண்டை, அல்லது கறைபட்ட வேறு செல்கள் வழியாக. மாதம் ஒரு முறை பிசிஆர் சோதனை செய்யுங்கள். டிஎன்ஏ சாயம் போட்டுப் பார்த்தால் உட்கருவுக்கு வெளியே சிறு புள்ளிகளாக மின்னும். இருந்தால் அந்த ஃபிளாஸ்கையும் அதற்குப் பயன்படுத்திய மீடியத்தையும் அழித்துவிடுங்கள். மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம்தான், ஆனால் அந்தச் சிகிச்சையும் ஒரு தேர்வு. வேறு எங்கும் கிடைக்காத லைனுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்.

அன்றாட மீடியத்தில் ஆன்டிபயாடிக் சேர்க்காமல் பழகுங்கள் என்பது என் கருத்து. பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது கை தவறுகளை மறைத்துவிடுகிறது, மெல்லிய தொற்று மாதக்கணக்கில் ஒளிந்திருக்க இடம் கொடுக்கிறது. முதன்மைத் திசுவிலிருந்து தொடங்கும் முதல் நாட்களுக்கு அது தேவைதான், மற்றபடி சுத்தமான கை போதும்.

வேண்டுமென்றே மாற்றுவது

மருந்துக்கு அடங்காத லைனை உருவாக்க விரும்பினால் இதே தேர்வைத்தான் நீங்கள் தெரிந்தே நடத்துகிறீர்கள். செல்களில் சிலவற்றை மட்டும் கொல்லும் சிறிய அளவில் தொடங்கி, பிழைத்தவை தேறியதும் அளவை ஏற்றி, மாதக்கணக்கில் போக வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்திலும் இரண்டு மூன்று குப்பிகள் உறைய வையுங்கள். டாக்ஸோரூபிசின் போன்றவற்றில் இப்படி வளர்த்தால், மருந்தை வெளியே இறைக்கும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப்பைக் கூடுதலாக உற்பத்தி செய்யும் செல்கள் மேலெழுவது உண்டு.

புதியவர்கள் இங்கே அடிக்கடி விடும் ஒன்று: மருந்து இல்லாமல், அதைக் கரைத்த திரவத்தை மட்டும் சேர்த்து, மூல லைனை அதே காலம் இணையாக வளர்ப்பது. அது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்கள் காணும் மாற்றம் மருந்தால் வந்ததா, ஆறு மாத வளர்ப்பால் வந்ததா என்று சொல்லவே முடியாது. கடைசியில் மருந்தை நிறுத்திச் சில வாரம் வளர்த்து மறுபடி சோதியுங்கள், எதிர்ப்பு நிலைத்ததா மறைகிறதா என்று தெரிந்துவிடும்.

தட்டையான பிளாஸ்டிக்கை விட்டு ஒட்டாத தட்டுகளில் உருண்டைகளாக வளர்ப்பதையும் பின்னால் முயன்று பாருங்கள். உருண்டை பெரிதாகி அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆக்ஸிஜனும் உணவும் நடுவரை போகாமல் உள்ளே செல்கள் இறக்கத் தொடங்கும். வெளியே பிரிபவை, நடுவே உறங்குபவை, மையத்தில் இறந்தவை என்று கட்டியைக் கொஞ்சம் ஒத்த அமைப்பு கிடைக்கும். ஆனால் அது தட்டையான வளர்ப்பில் கை படிந்த பிறகு.

நோட்டு

குப்பியின் மேல் லைனின் முழுப் பெயர், பாசேஜ் எண், தேதி, செல் எண்ணிக்கை, உங்கள் பெயர்ச் சுருக்கம். ஆல்கஹாலில் அழியாத பேனா. நோட்டில் ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும்: எத்தனை சதவீதம் நிறைந்திருந்தது, எவ்வளவு நேரம் ட்ரிப்சின், எண்ணிக்கை, உயிருள்ளவை எத்தனை சதவீதம், எந்த விகிதம், மீடியமும் சீரமும் எந்தத் தொகுதி, கண்ணுக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா. இரண்டு நிமிட வேலை. எரிச்சலாக இருக்கும் நாளிலும் எழுதுங்கள்.

லைனை உருக்கிய நாளிலேயே அதன் கடைசித் தேதியையும் எழுதிவிடுங்கள். நான் 15 பாசேஜ் அல்லது மூன்று மாதம், எது முதலில் வருகிறதோ அது என்று வைத்திருக்கிறேன். உங்கள் லைனுக்கு ஏற்றபடி நீங்கள் முடிவு செய்யலாம். அந்த நாள் வந்ததும், செல்கள் எவ்வளவு அழகாக வளர்ந்துகொண்டிருந்தாலும், ப்ளீச் ஊற்றி அரை மணி நேரம் வைத்து அழித்துவிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே எழுப்பி வைத்த புதுக் குப்பியின் செல்களுக்கு மாறுங்கள். மாறுவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மைக்ரோஸ்கோப்பில் வைத்து, முதல் வாரத்தில் எடுத்த அந்த மூன்று படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.